ஒரு வாழ்த்துரையும் ஒரு பழங்கடனும்

நிச்சயதார்த்த வீட்டில் எழுந்து நின்று நான்கு வார்த்தை வாழ்த்திப் பேசுவது எளிய காரியம் என்பது பொதுவான எண்ணம். இரு குடும்பத்தாரின் பெருமை சிறிது, நபிமொழி ஒன்று, நயமான உவமை ஒன்று, முடிவில் ஒரு துஆ. இவ்வளவும் கைவசம் இருந்தால் போதும். அரபியும் தமிழும் கற்பித்து வாழும் நானும் ஏறக்குறைய முப்பதாண்டுகளாக அவ்வாறே பேசி வந்திருக்கிறேன். கேட்டவர்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். நானும் மகிழ்ந்து வீடு திரும்பினேன். சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு மாலைப் பொழுதில் அந்த எளிய காரியம் எனக்கு எத்துணை அரிய காரியமாயிற்று என்பதை நேயர்களிடம் மனந்திறந்து சொல்ல விழைகிறேன்.

மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. தையற்கடை வைத்திருக்கிறார். சிறு வயதில் இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்தோம். தாமிரபரணியில் ஒன்றாக நீந்தினோம். பிறகு நான் வேலூர் பாக்கியாத்துக்கு ஓதப் போனேன். அவர் தம் வாப்பாவின் தையல் இயந்திரத்தில் அமர்ந்தார். நான் ஸனது பெற்றுத் தலைப்பாகையுடன் ஊர் திரும்பிய நாளில் அதுவரை "டா" போட்டு அழைத்த நண்பர் "வாங்க ஹஜ்ரத்" என்றார். இல்முக்குச் செய்த மரியாதை அது என்று அறிவேன். எனினும் என் நெஞ்சின் ஒரு மூலையில் ஏதோ ஒன்றை இழந்துவிட்டதாக அன்றே உணர்ந்தேன். அவருக்கு மூன்று பெண் மக்கள். ஆண் மகவு இல்லை. மூத்தவளுக்குத்தான் நிச்சயம். "நீங்கதான் எழுந்திருச்சு நாலு வார்த்தை பேசணும் ஹஜ்ரத். எனக்கு வேற யாரு இருக்கா?" என்று ஒரு வாரம் முன்னரே சொல்லிவிட்டார்.

முதல் நாள் மாலை அஸர் தொழுகைக்குப் பின் அவருடைய கடைக்குச் சென்றேன். யாரோ ஒருவருடைய விலையுயர்ந்த மேற்சட்டையில் எலி கடித்த ஓட்டையை ரஃபு செய்து கொண்டிருந்தார். அந்தத் துணியின் நூலையே உருவி எடுத்து, அதன் இழையோடு இழையாக ஓட்டி, ஓட்டை இருந்த இடமே தெரியாமற் செய்யும் அந்தக் கலையில் அவர் வல்லவர்.

எனக்கு ஒரு பழம் பாடம் நினைவுக்கு வந்தது. "நீங்கள் செய்யும் இந்த ரஃபு அரபிச் சொல்லிலிருந்து வந்ததுதான், தெரியுமா? கிழிந்த துணியை இழையோட்டிச் சேர்ப்பதை அரபியர் அவ்வாறே சொல்வார்கள். அதே வேரிலிருந்துதான் அவர்களுடைய பழைய திருமண வாழ்த்தும் பிறந்தது" என்றேன்.

அறியாமைக் காலத்து அரபியர், மணமுடித்தவனைப் பார்த்து, இணக்கமும் ஆண் மக்களும் பெருகட்டும் என வாழ்த்துவர். 'ரிஃபாஃ' என்றால் இழையோடு இழை சேர்ந்தாற்போன்ற இணக்கம். 'பனீன்' என்றால் ஆண் மக்கள். பெருமானார் (ஸல்) அவர்களின் பெரிய தந்தையார் மகனான அகீல் (ரலி) அவர்கள் மணமுடித்தபோது சிலர் இந்தப் பழைய வாழ்த்தைக் கூறினர். அவர் தடுத்து, அப்படிச் சொல்லாதீர்கள், நபிகள் நாயகம் கற்பித்தவாறு சொல்லுங்கள் என்றார். அந்த நபிவழி வாழ்த்தில் ஆண் மக்கள் என்ற பேச்சே இல்லை. அல்லாஹ் உமக்கு பரக்கத் செய்வானாக, உம்மீது பரக்கத் பொழிவானாக, உங்கள் இருவரையும் நன்மையில் ஒன்று சேர்ப்பானாக என்பதே அதன் கருத்து. ஆயினும் ஒரு நுட்பம் பாருங்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வரும் அந்த அறிவிப்பில், நபியவர்கள் 'வாழ்த்தினார்கள்' என்பதைக் குறிக்கும் வினைச்சொல்லும் இந்த இழையோட்டும் வேரிலிருந்து வந்ததே. ஆண் மக்கள் என்ற சொல் நின்றுவிட்டது; இழையோட்டுவது நிற்கவில்லை.

நண்பர் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பெண்களைப் பெற்றவர் அல்லவா? "இதையே நாளைக்குச் சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். சற்று நேரம் பேசாதிருந்து, பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணே ஒண்ணு மட்டும் பேசாதீங்க. கைக்கூலிப் பேச்சை எடுத்துடாதீங்க" என்றார்.

அப்போதுதான் விவரம் வெளிப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் ரொக்கமாக மூன்று லட்சம் கேட்டிருக்கிறார்கள். 'கைக்கூலி' என்று அவர்கள் சொல்லவில்லை. 'மாப்பிள்ளைக்கு ஒரு தொழில் வைத்துக் கொடுக்க உதவி' என்றார்களாம். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. நண்பர் தலையசைத்துவிட்டார். அவர் அமர்ந்திருந்த அந்தக் கடையை அடகு வைப்பதாக ஏற்பாடு. "பையன் நல்லவன். பொண்ணுக்கும் பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு பேரு இருக்காளுவ. நீங்க ஏதாவது பேசி அவங்க எழுந்திருச்சுப் போயிட்டா நான் என்ன செய்வேன்?" என்றார்.

"உங்கள் வீட்டுக் கணக்கைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. அரபியில் 'கித்பா' என்றொரு சொல் உண்டு. பெண் கேட்டு உறுதி செய்தல் என்பது அதன் பொருள். 'குத்பா' என்றொரு சொல்லும் உண்டு. உரை நிகழ்த்துதல் என்பது பொருள். இரண்டும் ஒரே எழுத்துக்கள்; முதலெழுத்தின் கீழே இருக்கும் குறி மேலே மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். மாணவர்களுக்கு இதை எத்தனையோ முறை வேடிக்கையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றிரவு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. பெண் கேட்கும் இடத்தில் பேசப்படுவது வாய்மையாக இருக்க வேண்டும் என்று அந்த எழுத்துக்களே என்னைப் பார்த்துச் சொல்வது போலிருந்தது.

பேசினால் நண்பருக்குக் கேடு. பேசாமல் உவமைகளை மட்டும் அடுக்கிவிட்டு வந்தால், அந்தப் பேரத்துக்கு நான் சாட்சியாகி, அதற்குப் பூவும் சூட்டியவன் ஆவேன். இவை இரண்டையும் விடப் பெரியதொரு முள் என் நெஞ்சில் தைத்திருந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

எனக்கு 1996ஆம் ஆண்டில் திருமணம் நடந்தது. அப்போது நான் மதரஸாவில் ஆசிரியன். ஃபிக்ஹு நூலில் நிகாஹ் பாடத்தை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்துக் கொண்டிருந்தவன். என் வாப்பா, பெண் வீட்டாரிடம் 30,000 ரூபாய் ரொக்கம் பேசி வாங்கினார்கள். அதற்காக என் மாமனார் தமக்கிருந்த வயலில் பாதியை விற்றார். எனக்குத் தெரியும். "ஊர் வழக்கம், நீ வாய் திறக்காதே" என்றார்கள் வாப்பா. நான் வாய் திறக்கவில்லை. பெற்றோருக்குக் கீழ்ப்படிதல் கடமை என்ற பாடத்தை எடுத்து என் கோழைத்தனத்துக்குப் போர்வையாகப் போர்த்திக் கொண்டேன். பாவமான காரியத்தில் கீழ்ப்படிதல் இல்லை என்ற அடுத்த பாடத்தை வசதியாக மறந்தேன். நிகாஹ் மஜ்லிஸில் 1,001 ரூபாய் மஹர் என்று பதிவேட்டில் எழுதினார்கள். அந்த 1,001 ரூபாயும் அவர்கள் தந்த 30,000 ரூபாயிலிருந்து எடுத்ததே! அவர்களுடைய பணத்தையே எடுத்து அவர்கள் மகளுக்கு மஹராகக் கொடுத்துவிட்டு நான் மணமகன் என்று அமர்ந்திருந்தேன்.

அதன் பின்னர் எத்தனை மேடைகளில் கைக்கூலியைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன்! ஒரு மேடையிலேனும் என் கதையைச் சொன்னதில்லை. மாமனார் 2011ஆம் ஆண்டில் மௌத்தானார். அவர் ஒரு நாளும் என்னை அந்தப் பணத்தைப் பற்றிக் கேட்டதில்லை. என் மனைவியும் கேட்டதில்லை. கேட்காததனால் கடன் தீர்ந்துவிட்டது என்று நான் நம்பிக் கொண்டிருந்தேன் போலும்.

மறுநாள் மாலை மஃரிபுக்குப் பின் நிச்சயதார்த்தம். வீட்டு முற்றத்தில் பந்தல். ஆண்கள் வெளியே, பெண்கள் உள்ளே. சர்க்கரைத் தட்டுகளும் பழத்தட்டுகளும் வரிசையாக இருந்தன. எல்லோருக்கும் நன்னாரி சர்பத் கொடுத்தார்கள். மேனாட்டார் இத்தகைய சபைகளில் மதுக்கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துவது வழக்கம். நாமோ வெறுங்கையை ஏந்தி வாழ்த்துகிறோம். கிண்ணம் பிடித்த கைக்கு ஒரு பெருமிதம் உண்டு. ஏந்திய கைக்குப் பணிவு ஒன்றே உண்டு.

எனக்கு முன்பு உறவினர் ஒருவர் பேசினார். நல்ல குரல், நல்ல தமிழ். முடிக்கும்போது, "சிங்கம் போன்ற ஆண் பிள்ளைகளைப் பெற்று வாழ்க!" என்றார். எல்லோரும் ஆமீன் சொன்னார்கள். நண்பரும் சொன்னார். ஆனால் அவருடைய முகம் தரையைப் பார்த்தது. உள்ளே, அவருடைய மூன்று பெண்களும் ஒலிபெருக்கியில் அதைக் கேட்டுக் கொண்டிருந்தார்கள்.

என்னை அழைத்தார்கள். ஹம்தும் ஸலவாத்தும் ஓதி, அகீல் (ரலி) அவர்களின் செய்தியைச் சொன்னேன். முன்பு பேசியவரைப் புண்படுத்தாத வகையில், ஆண் என்றும் பெண் என்றும் பிரிக்காமல் நன்மையைக் கேட்பதே பெருமானார் நமக்குக் கற்றுத் தந்த வாழ்த்து என்றேன். தையற்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இழையோட்டும் கதை எல்லோருக்கும் இனித்தது. சிரித்தார்கள்.

பிறகு அபூதாலிப் அவர்களைப் பற்றிச் சொன்னேன். கதீஜா நாயகி (ரலி) அவர்களைப் பெருமானாருக்கு மணமுடித்த சபையில் மணமகன் சார்பில் உரை நிகழ்த்தியவர் அவரே. உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் அந்த மணத்தைப் பாடியிருப்பது நாமெல்லாம் அறிந்ததே. சீறா ஆசிரியர்கள் எடுத்துரைக்கும் அந்த உரையில் என் நெஞ்சைக் கவர்ந்த இடம் ஒன்றுண்டு. தம் தம்பி மகனின் குணத்துக்கு ஈடானவர் எவருமில்லை என்று சொன்ன அபூதாலிப், அதே மூச்சில், அவரிடம் செல்வம் குறைவு என்பதையும் சபையறியச் சொன்னார். செல்வம் கடந்து போகும் நிழல் என்றும் சொன்னார். மணமகளோ மக்கத்துச் செல்வச் சீமாட்டி. ஏழை மணமகன் வீட்டார் அந்தச் சபையில் கேட்டது ஒன்றுமில்லை, கொடுத்ததே உண்டு. இருபது ஒட்டகங்கள் மஹராகக் கொடுக்கப்பட்டன என்று இப்னு ஹிஷாம் எழுதுகிறார். மஹருக்கு அரபியில் 'ஸதாக்' என்றும் பெயர். அது 'ஸித்க்', அதாவது வாய்மை, என்ற வேரிலிருந்து வந்த சொல். பெண்ணை விரும்புகிறேன் என்ற சொல் மெய்தான் என்பதற்கு ஆண்மகன் வைக்கும் அடையாளமே மஹர். இரும்பு மோதிரமேனும் தேடிப் பார் என்று ஓர் ஏழைத் தோழரிடம் பெருமானார் கூறியதும், எதுவும் கிட்டாதபோது அவர் அறிந்திருந்த குர்ஆனுக்காகவே மணமுடித்து வைத்ததும் ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளன.

இதுவரை நான் நன்கறிந்த பாதை. இனிதான் கால் நடுங்கிற்று. நண்பரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்:

"இவ்வளவும் ஓதிய நான் என் கல்யாணத்தில் என்ன செய்தேன் தெரியுமா? 30,000 ரூபாய் கைக்கூலி வாங்கினேன். என் மாமனார் வயலை விற்றுக் கொடுத்தார். அந்தப் பணத்திலிருந்தே 1,001 ரூபாயை எடுத்து மஹர் கொடுத்தேன். இன்று வரை அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக மணமக்களுக்கு பரக்கத் வேண்டி துஆ செய்கிறேன். ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்குள் அந்தப் பணம் கிடக்கிறது என்ற உறுத்தலோடுதான் கையேந்துகிறேன். நம் நாட்டுச் சட்டம் 1961லேயே வரதட்சணையைக் குற்றமாக்கிவிட்டது. அதே சட்டம் மஹரை அதிலிருந்து தனியே பிரித்தும் வைத்தது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த வேறுபாடு, ஓதிய எனக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளைத் தம்பிக்கு நான் சொல்லும் வாழ்த்து இதுதான்: முப்பதாண்டு கழித்து, என் வயதில், ஒரு சபையில் எழுந்து நின்று இப்படிச் சொல்ல வேண்டிய நிலை உங்களுக்கு வராதிருக்கட்டும்."

பிறகு துஆ ஓதினேன். நிகாஹ் வாழ்த்துக்குரிய நாள் இன்னும் வரவில்லையாதலால், அதன் கருத்தைத் தமிழில் வேண்டினேன். ஆமீன் என்ற ஒலி எழுந்தது. ஆனால் வழக்கமாக எழும் ஒலி அன்று. மாப்பிள்ளையின் தந்தையார் சர்க்கரைத் தட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. சர்க்கரை வழங்கினார்கள்; சாப்பாடு நடந்தது.

விருந்தினர் போனபின், நண்பர் என்னைச் சந்துக்கு அழைத்துப் போனார். அவருடைய உதடுகள் நடுங்கின. "ஏன்டா இப்படிச் செஞ்சே? நேத்து உன்கிட்ட என்ன சொன்னேன்?" என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவர் வாயிலிருந்து "டா" வந்தது. "உங்கள் வீட்டுக் கணக்கை நான் பேசவில்லையே" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வாக்கின் எழுத்தைக் காத்தேன் என்பது உண்மை. அதன் உள்ளத்தைக் காத்தேனா என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. முன்னதாகவே அவரிடம், "என் கதையைச் சொல்லப் போகிறேன்" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தடுத்துவிடுவார் என்று அஞ்சினேன். உண்மை பேசத் துணிந்தவனுக்கும் இப்படி ஒரு கோழைத்தனம் மிஞ்சியிருந்தது. தலைகுனிந்து வீடு வந்தேன்.

என் மனைவி எனக்கு முன்பே வந்து விளக்கைப் போட்டு வைத்திருந்தாள். உள்ளே பெண்களோடு அமர்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வாப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, குறை கூறவும் இல்லை. ஆனால் அந்த மூன்று சொற்களும் என்னுடைய எல்லா மேடைப் பேச்சுகளையும் விடக் கனமாயிருந்தன.

மாமனாரின் வாரிசுகளாக எஞ்சியிருப்பவர்கள் என் மனைவியும் அவளுடைய தம்பியும் மட்டுமே. வாரிசுரிமைப்படி மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. சேமிப்பில் இருந்ததை எடுத்து, மைத்துனரிடம் 20,000 ரூபாயும் மனைவியிடம் 10,000 ரூபாயும் கொடுத்தேன். மைத்துனர் வாங்கி எண்ணிப் பார்க்கவில்லை. "மச்சான், இதுக்கு இப்ப அந்த வயல்ல ஒரு மூலைகூட வராது" என்று சிரித்தார். பிறகு, "மீதியை ஹலாலாக்கிட்டேன்" என்றார். எண்ணளவில் கடன் தீர்ந்தது. ஆனால் விற்ற வயல் திரும்பாது. அதை விற்றுவிட்டு வரப்பில் நின்ற மனிதரும் திரும்பமாட்டார். மன்னிப்பவர்கள் பெருந்தன்மையுடையவர்களாக இருப்பது, கடன்பட்டவனுடைய பாரத்தைக் குறைப்பதில்லை என்பதை அன்று கண்டேன்.

பத்து நாட்கள் நண்பர் என் பக்கம் வரவில்லை. தொழுகையில் ஒரே ஸஃப்பில் நின்றும், ஸலாமோடு பிரிந்து போனார். பதினோராம் நாள் இஷாவுக்குப் பின் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து ஆள் வந்ததாம். ரொக்கம் வேண்டாம், நகை உங்கள் விருப்பம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பையன் தன் வாப்பாவிடம் நான்கு நாட்கள் சாப்பிடாமல் பிடிவாதம் பிடித்ததாகக் கேள்வி. என் பேச்சுக்கு இதில் எவ்வளவு பங்கு, அந்த இளைஞனின் நெஞ்சுரத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை அல்லாஹ்வே அறிவான். பெரும் பங்கு அவனுடையதே என்பது என் துணிபு. அவனுடைய வயதில் நான் செய்யத் தவறியதை அவன் செய்தான்.

நண்பர் தேநீரை அருந்திவிட்டு, "கடை தப்பிச்சுது. அல்ஹம்துலில்லாஹ். ஆனா அன்னைக்கு என் நெஞ்சு நின்னே போச்சு. இனிமே என்கிட்ட கேக்காம எதையும் செய்யாதே" என்றார். செய்யமாட்டேன் என்றேன். இரண்டாவது முறையாக அவருக்குக் கொடுத்த இந்த வாக்கை எழுத்தாலும் உள்ளத்தாலும் காக்க வேண்டும்.

ஷவ்வால் மாதத்தில் நிகாஹ் நடந்தது. மணமகன் தன் உழைப்பில் வாங்கிய இரண்டு பவுன் சங்கிலியை மஹராகச் சபையில் வைத்தான். என்னை மறுபடியும் பேசச் சொன்னார்கள். எனக்குப் பேச ஒன்றும் இருக்கவில்லை. பெருமானார் கற்றுத் தந்த அந்தச் சிறு வாழ்த்தை மட்டும் அரபியில் ஓதி அமர்ந்தேன். சில நொடிகளில் முடிந்துவிட்டது. அருகிலிருந்த நண்பர், "இவ்வளவுதானா?" என்பது போல் பார்த்தார்.

இவ்வளவுதான். அதைச் சொல்லும் தகுதியைத் தேடத்தான் எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆயின.